மடிக்கணினியின் எடைக்கு அரிசி

எங்கள் வீட்டுக்கு மடிக்கணினி வருவதற்கு முன்பே அதன் எடை வந்து சேர்ந்துவிட்டது. இட்லி அரிசியாகவும் உளுந்தாகவும் வந்தது.

என் மனைவி நெகிழிப் பொருள்களுக்கு அச்சு வடிவமைப்பவள். வாளி, சோப்புப் பெட்டி, டப்பா மூடி என்று நாம் கையில் எடுக்கும் ஒவ்வொன்றும் இரும்பில் குடைந்த ஓர் அச்சுக்குள் உருகிப் பாய்ந்து, ஆறி, வெளியே விழுகிறது. அந்த இரும்பை எப்படிக் குடைய வேண்டும் என்று கணினியில் வரைந்து கொடுப்பது அவள் தொழில். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் அதைச் செய்துவந்தாள். நிறுவனம் தன் வடிவமைப்புப் பிரிவை வெகுதொலைவுக்கு மாற்றியபோது, விடியுமுன் வேனில் ஏறி விளக்கு வைத்தபின் இறங்கும் வாழ்க்கையைச் சில மாதம் வாழ்ந்து பார்த்தாள். பிறகு ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து, அயனம்பாக்கம் ஏரிக்காற்று வீசும் எங்கள் அடுக்ககப் பலகணியில் நின்று, "இனிமே நானே மொதலாளி, நானே தொழிலாளி. லீவு வேணும்னா என்னாண்டயே கேட்டுக்கிறேன்" என்றாள்.

முதலாளிக்கு உடனே ஒரு கருவி தேவைப்பட்டது. கையில் இருந்த பணம் ஒன்றே ஒன்றுக்குத்தான் போதும். சிக்கல் அங்கே தொடங்கியது.

மண்ணூர்பேட்டையின் சிறு பட்டறைகளில் வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்க முடியாது. பொருளைச் செய்யச் சொல்பவர் மாதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு மேசையருகே வந்து நிற்பார். 'இங்க ஒடுக்கு, அங்க தூக்கு' என்பார். அந்த நொடியே திரையில் பொருள் ஒடுங்க வேண்டும், உயர வேண்டும், அவர் விரல் காட்டும் பக்கமெல்லாம் திரும்ப வேண்டும். அவ்வளவு விரைவாகச் சுழற்றும் வலிமை, எங்களுக்கு எட்டும் விலையில், கணினி விளையாட்டுப் பித்தர்களுக்கென்று செய்யப்படும் மடிக்கணினிகளுக்கு மட்டுமே உண்டு. அவையோ கனத்தவை, அவற்றின் மின்னேற்றியைத் தனியே எடுத்தால் செங்கல்லைப் போலிருக்கும். மறுபுறம், அவள் போய்வர வேண்டிய வழி முழுவதும் ஷேர் ஆட்டோவும் பேருந்தும் நடையும். தோளுக்கு இதமாய், பை இருப்பதே தெரியாத மெல்லிய மடிக்கணினி ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது.

நான் மெல்லியதன் பக்கம் நின்றேன்.

"தோள்வலிக்குத் தைலம் தேய்க்கிறது யாரு? நான்தானே. அந்த உரிமையில சொல்றேன், கனமானது வேண்டாம்."

"தைலத்துக்கு பயந்துகினு எவனாச்சும் தொழில் பண்ணுவானா வாத்தியாரே?" என்றாள் அவள். நான் ஆவடியருகே ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். ஆகையால் திருமணமான நாள்முதல் எனக்கு அந்தப் பெயர்தான். அவள் பிறந்து வளர்ந்தது மண்ணூர்பேட்டை. நான் காவிரிக் கரையிலிருந்து வேலை தேடி வந்தவன்.

வாதம் முடிவுக்கு வராததால் அவள் சோதனை வைத்தாள். கனத்த கணினியும் அதன் செங்கல்லும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றரைக் கிலோ என்று கடையில் விசாரித்து அறிந்து, அந்த எடைக்கு இட்லி அரிசியையும் உளுந்தையும் பொட்டலம் கட்டித் தன் தோள்பையில் வைத்தாள். மெல்லியதன் எடைக்கு ஒன்றரைக் கிலோ அரிசியை என் பையில் வைத்தாள். "ஒரு வாரம் தூக்கிகினு திரியலாம். எவன் அழுவுறானோ அவன் கட்சி தோத்துது."

அந்த ஒரு வாரமும், அவள் வேலை கேட்டு மண்ணூர்பேட்டைப் பட்டறைகளுக்கும் நான் கல்லூரிக்கும் போக ஏறிய தெருமுனை ஷேர் ஆட்டோவுக்கு நாங்கள்தாம் பொழுதுபோக்கு. அவள் பையைத் தூக்கி மடியில் வைக்கும்போது உள்ளே அரிசி சரசரத்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த பூக்காரம்மா காது கொடுத்துக் கேட்டார்.

"இன்னாமே, டெய்லி ரேஷன் கடைக்கு போய்கினு வர்றியா?"

"இது அரிசி இல்லக்கா. லேப்டாப்பு."

பூக்காரம்மா பொட்டலத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல பச்சரிசி லேப்டாப்பு" என்றார்.

"புழுங்கல்" என்று திருத்தினாள் என் மனைவி.

நாள் செல்லச் செல்ல அவள் பையை இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கும், வலத்தோளிலிருந்து முதுகுக்கும் மாற்றிக்கொள்வதைக் கவனித்தேன். வெற்றி நெருங்குகிறது என்று உள்ளூர மகிழ்ந்தேன். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. வார இறுதியில் நான் கல்லூரியிலிருந்து திரும்பி வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் லேப்டாப்பு எங்க வாத்தியாரே?"

தோளைத் தடவினேன். பை இல்லை. எங்கே விட்டேன் என்பதும் நினைவில்லை. பை இருப்பதே தெரியவில்லை என்று நான் மெல்லியதைப் புகழ்ந்த அதே காரணத்தால், அது இல்லாமற்போனதும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுநர் எங்களைக் கண்டதும் இருக்கைக்கு அடியிலிருந்து பையை எடுத்து உயர்த்திக் காட்டினார். "வாத்தியாரே, நேத்து லேப்டாப்ப வண்டிலயே உட்டுட்டு பூட்ட. அரிசி நல்லா கீது, எந்த கடைல வாங்கின?"

வண்டியில் இருந்தவர்கள் அனைவரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. வென்றவர்களுக்கே உரிய அடக்கத்தோடு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "கனமா இருந்தா மறப்பியா?" என்று மட்டும், இறங்கும்போது, காற்றைக் கேட்டாள்.

அன்று மாலையே அம்பத்தூரில் கடைக்குப் போனோம். விற்பனை இளைஞர் கனத்த மடிக்கணினிகளை நோக்கி நாங்கள் நடப்பதைக் கண்டதும் என்னிடம், "பையனுக்கா சார்? என்ன கேம் ஆடுவாரு?" என்றார்.

"நான்தான் ஆடுவேன்" என்று சொல்லி என் மனைவி ஒரு விரலளவு நினைவகக் குச்சியைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். "இத்த போட்டு காட்டுப்பா. ரெண்டுலயும்."

அதில் அவளுடைய பழைய வரைபடம் ஒன்று இருந்தது. நூற்றுக்கணக்கான வளைவுகள் கொண்ட ஒரு கூடை. மெல்லிய கணினியில் அந்தக் கூடை கால்வாசி திரும்பியது; யோசித்தது; இன்னும் சற்றுத் திரும்பி, பக்கவாட்டில் நின்றுவிட்டது. "மேடம், இது ஆபீஸ் வேலைக்கு சூப்பரா இருக்கும்" என்று இளைஞர் அதன் சார்பில் மன்னிப்புக் கேட்பவர்போலச் சொன்னார். கனத்த கணினியில் அதே கூடை பம்பரமாகச் சுழன்றது. அவள் விரலை நிறுத்தினால் நின்றது, அசைத்தால் பறந்தது. என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். பொம்மைக் கடையில் சாவி கொடுத்த பொம்மையைத் தரையில் விட்ட குழந்தையின் முகம் அது. தைலப்புட்டி இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று அந்த இடத்திலேயே கட்சி மாறினேன்.

ஒரே ஒரு தயக்கம் எஞ்சியது. அதன் விசைப்பலகையில் சிவப்பும் பச்சையும் நீலமும் அம்மன் கோயில் ஆடித் திருவிழா விளக்குகளைப் போல ஓடிக்கொண்டிருந்தன.

"லைட்ட ஆஃப் பண்ணிக்கலாம் சார்" என்றார் இளைஞர்.

"எதுக்கு? எரியட்டும்" என்றாள் அவள்.

சுமந்த அரிசியும் உளுந்தும் வீணாகவில்லை. அவளுக்கு வாய்க்கக்கூடிய முதல் வேலை மாவு தொடர்பானது. நசரத்பேட்டையில் இட்லி மாவு டப்பாக்கள் செய்யும் ஒருவர், புளித்துப் பொங்கும் மாவு தம் டப்பாவின் மூடியைத் தள்ளித் தெறிக்க விடுகிறது என்று கடைக்காரர்கள் குறைகூறுவதால், புதிய மூடிக்கு அச்சு செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் மனைவியின் அண்ணன் மண்ணூர்பேட்டையில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். அவர் வழியாகத்தான் செய்தி வந்தது. டப்பாக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஆயுத பூசைக்கு மறுநாள் பட்டறைக்கு வருவார், வரைபடம் பிடித்தால் அச்சு இவளுக்கு, இல்லையேல் வழக்கமான ஆளிடம் போய்விடுவார். அதே சமயம் பழைய நிறுவனமும் அவளைத் திரும்ப அழைத்திருந்தது. பண்டிகை முடிந்ததும் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். ஆக, அந்த மூடியைப் பொறுத்துத்தான் வேனா, சொந்தத் தொழிலா என்பது.

ஒரு வாரம் சுமந்த அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்து, டப்பாக்காரர் கொடுத்திருந்த மாதிரியில் ஊற்றி, மேசைமேல் வைத்துவிட்டுக் கன்னத்தில் கையூன்றி எதிரே உட்கார்ந்தாள். மறுநாள் காலை நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது 'டொப்' என்று மூடி பறந்து நாட்காட்டியில் மோதியது. அவள் மகிழ்ச்சியோடு கைதட்டினாள். அடுத்த முறை மூடியின் மேல் அகராதியை வைத்தாள். அப்போது டப்பாவின் வயிறு புடைத்து, ஓரம் வளைந்து, மாவு பக்கவாட்டில் வழிந்தது. அகராதியின் முதற்பக்கங்கள் இன்றுவரை லேசாகப் புளித்த வாசனை கொண்டவை.

"இறுக்க இறுக்க மோசமாவுது. காத்து போக ஒரு வழி வேணும். சின்னதா, தானா தெறந்து தானா மூடுற மாதிரி" என்று முடிவுக்கு வந்தாள். தொலைபேசியில் டப்பாக்காரரிடம் சொன்னபோது அவர் குரல் எனக்கே கேட்டது.

"இன்னாமா நீ! டைட்டா மூடணும்னு கேட்டா ஓட்ட போட்டு தர்றேன்ற. ஓட்ட டப்பாவ எவன் வாங்குவான்? நாலு பக்கமும் லாக்கு வெச்சி இறுக்கு. அத்த வரஞ்சி கொண்டா."

அவள் அவர் கேட்டபடியே வரைந்தாள். பூட்டுகள் நான்கும் அழகாகவே அமைந்தன. ஆனாலும் வரைந்து முடித்தபின் பரிமாறத் தெரியாத விருந்தாளி கையில் கரண்டி கொடுத்தவள்போல உதட்டைப் பிதுக்கினாள்.

ஆயுத பூசையன்று பட்டறைக்குப் போனோம். இயந்திரங்கள் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைக்கப்பட்டு, மாலை சூடி, அன்று மட்டும் ஊமையாக நின்றன. சுவாமி படத்தின் முன் விரித்த வாழையிலையில் அளவுகோல்கள், துளையிடும் அலகுகள், அரங்கள் வரிசையாக இருந்தன. நடுவே, எல்லாவற்றையும்விடப் பெரியதாக, புதிய மடிக்கணினி. என் மைத்துனர் குழைத்த சந்தனக் கிண்ணத்தோடு சுற்றிவந்தார். கடைசல் இயந்திரத்துக்கு வைப்பதுபோல மேலே ஒரு பொட்டு மட்டும் வைத்திருந்தால் தொல்லையில்லை. அவரோ இயந்திரத்துக்கு எங்கெல்லாம் வாய் உண்டோ அங்கெல்லாம் பொட்டு வைக்க வேண்டும் என்னும் கொள்கையுடையவர். மோட்டாரின் வாய், துளைப்பொறியின் வாய் என்று வந்தவர், மடிக்கணினியைத் திருப்பி அதன் முதுகுப்புறத்தில் வரிசையாயிருந்த காற்றுக் கண்களைக் கண்டு அகமகிழ்ந்தார்.

"மாப்ள, இதுக்கு எத்தன வாய் பாத்தியா! எங்க ஊட்டு லேடீஸ் மாதிரி."

கண்ணுக்குக் கண் சந்தனம் அப்பி, அதன்மேல் தாராளமாகக் குங்குமம் தூவினார். என் மனைவி அப்போது வாசலில் சுண்டல் வழங்கிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். பூசையில் வைத்த கருவியை மறுநாள் காலைவரை தொடக் கூடாது என்பது பட்டறை வழக்கம். ஆகவே சந்தனம் நிம்மதியாகக் காய்ந்தது.

மறுநாள் காலை டப்பாக்காரர் வெள்ளைச் சட்டை உடுத்தி வந்தார். என் மனைவி கணினியை இலையிலிருந்து எடுத்து, மேல்மூடியிலிருந்த பொட்டைக் கண்ணில் ஒற்றித் துடைத்துவிட்டு, மேசையில் வைத்தாள். அவர் எதிரே நின்றார். திரையைப் பார்க்க வசதியாகத் தலையை மட்டும் மேலே நீட்டி எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா பொட்டி இவ்ளோ பெருசு? கல்யாண சீர்வரிச மாதிரி கீது."

"உள்ள கீறதும் பெருசுண்ணா, பாருங்க" என்று மூடியைத் திரையில் சுழற்றினாள். சுழன்றது. பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக் காட்டினாள். அவர் தலை அசைந்தது. பிறகு, இரும்பு அச்சு முழுவதையும் அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டத் தொடங்கியபோது, படம் திக்கியது. சற்று நகர்ந்து நின்றது. மீண்டும் நகர்ந்தது. கணினியின் உள்ளே விசிறி கிரைண்டர்போல உறுமியது.

"பாப்பா, மிஷினு மூச்சு வாங்குது" என்றார் மைத்துனர்.

"புது பொட்டியே இப்டி முக்கினா, வேல எப்டிமா முடியும்?" என்று டப்பாக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மெல்லியதை வாங்கியிருந்தாலும் இதே கதிதானே என்று ஒரு பழைய கட்சிக்காரனின் நினைப்பு எனக்குள் தலைதூக்கியது. அப்போது பட்டறை முழுவதும் சந்தன மணம் பரவியது.

"வாசன நல்லா கீதே! ஊதுவத்தியா?" என்றார் டப்பாக்காரர்.

என் மனைவி மூக்கை உறிஞ்சினாள். கையைக் கணினியின் முதுகுக்குக் கொண்டுபோய்த் தடவினாள், சுட்டுக்கொண்டு இழுத்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். அச்சின் இடுக்குகளைத் துடைக்கும் தூரிகை ஒன்று மேசையில் கிடந்தது. அதை எடுத்துக் கை நீட்டிப் பின்புறத்தில் ஒரே இழுப்பாக இழுத்தாள். காய்ந்த சந்தனம் பெயர்ந்ததுதான் தாமதம். அவ்வளவு நேரம் அடைபட்டிருந்த காற்று ஒரே மூச்சாகப் பீறிட்டு, முந்தைய நாளின் குங்குமத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு எதிரே நின்றவர் முகத்தில் அடித்தது.

ஒரு கணம் பட்டறையில் யாரும் மூச்சுவிடவில்லை. கணினி மட்டும் நிம்மதியாக மூச்சுவிட்டது. டப்பாக்காரரின் நெற்றி, மூக்கு, வெள்ளைச் சட்டையின் மார்பு எல்லாம் சிவப்பு. அவர் கண்ணை மூடித் திறந்து, பெரிதாக ஒரு தும்மல் போட்டார். பிறகு வாசலில் உடைந்து கிடந்த பூசணிக்காயையும் தம் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாமா, என்னிய திருஷ்டி பூசணிக்கா ஆக்கிட்ட! ரோட்டுல போட்டு ஒடச்சிடுவியா?"

முதலில் சிரித்தவர் அவரே. அதன்பின் எங்களை அடக்க முடியவில்லை. மைத்துனர் தம் தோள்துண்டை நீட்டினார். அதில் எண்ணெய் இருந்ததால் குங்குமம் இன்னும் நன்றாகப் பரவியது.

"கோச்சிக்காதீங்கண்ணா" என்று சிரிப்புக்கிடையே என் மனைவி சொன்னாள். "உள்ள சூடு ஏறிகினே இருந்துது. காத்து போற வழிய எங்கண்ணன் பொட்டு வெச்சி அடச்சிட்டாரு. வழி கெடச்சதும் மொத்தமா உங்க மேல பாஞ்சிடுச்சி. மாவும் இதே வேலதாண்ணா பண்ணுது."

டப்பாக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"அப்ப நாலு பக்கமும் இறுக்கினா, மாவு என் மூஞ்சில அடிக்கும்ன்ற?"

"உங்க மூஞ்சில அடிச்சா பரவால்ல. வாங்குறவங்க மூஞ்சில அடிக்கும்."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இந்த முறை கணினியின் முன்புறம், அவள் பக்கத்தில். "சரி. ஓட்ட எங்க வெப்ப? மாவு ஊத்திகினு போவாதா? காட்டு."

அவள் காட்டினாள். மூடியின் நடுவே ஒரு பொட்டளவு குமிழ் எழுந்தது. அதன்மேல் மெல்லிய நாக்கு ஒன்று முளைத்தது. உள்ளிருந்து காற்று தள்ளினால் தூக்கிக்கொள்ளும், காற்று போனதும் படுத்துக்கொள்ளும். இப்போது படம் திக்கவில்லை. அவர் விரல் போன பக்கமெல்லாம் கூடவே போனது. "இன்னும் சின்னதா." சிறுத்தது. "ஓரத்துக்கு தள்ளு." தள்ளியது. "கையில தட்டுமா?" திரும்பிப் படுத்துக் காட்டியது. அவர் கேட்பதும் இவள் மாற்றுவதும் இருவர் பந்து எறிந்து பிடிப்பதுபோல இருந்தன. கடைசியில், கேட்க ஒன்றும் இல்லாமல் அவர் எழுந்தார். மாதிரி டப்பாவைக் குங்குமக் கையால் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நல்ல நாளும் அதுவுமா என் மூஞ்சிக்கே பூச பண்ணிட்ட. மோல்டு உனுக்குத்தான். ஆனா ஒண்ணு. ஊட்டுக்கு நான் எப்டிமா போறது? எம்பொண்டாட்டி கேப்பாளே!"

மைத்துனரின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் போனார். அவர் வண்டி திரும்பியதும் என் மனைவி பழைய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். மிகச் சுருக்கமாக, மிக மரியாதையாகப் பேசி வைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பையை நான் தூக்குகிறேன் என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, மின்னேற்றியை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தாள். "இத்த எட்தா வாத்தியாரே. நல்லா கனமாத்தான் கீது, மறக்க மாட்ட."

சில வாரங்களுக்குப் பின் அச்சிலிருந்து முதல் மூடி விழுந்தது. அன்று மாலையே மாவு ஊற்றி அதை மூடிவைத்தோம். காலையில் மூவரும் மேசையைச் சூழ்ந்து உட்கார்ந்திருந்தோம். மைத்துனர் தோசை உண்டு என்பதால் வந்திருந்தார். மாவு மூடியைத் தொடும் அளவுக்கு உயர்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்ன நாக்கு 'புஸ்' என்று எழுந்து, மறுபடி படுத்துக்கொண்டது. நாங்கள் ஆரவாரம் செய்தோம்.

"மாப்ள" என்று முதல் தோசையைப் பிட்டுக்கொண்டே மைத்துனர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார், "அடுத்த வருசம் அந்த லேப்டாப்புக்கு பொட்டு எங்க வெக்கிறது?"

அடுப்பருகிலிருந்து பதில் வந்தது. "உன் வாய்ல."